பாறைமேட்டில் மூன்றாவது குழி

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் பலர் இன்னும் ‘சுகாதார வளாகம்’ என்றே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அறிக்கையில் அப்படியே எழுதுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் மக்கள் நடுவில் போய் உட்கார்ந்தால் கக்கூஸ் என்று வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள். அந்தச் சொல்லைக் கூசாமல் சொல்ல எனக்கே வெகுநாள் பிடித்தது. நான் சொல்லத் தொடங்கிய பிறகுதான் பெண்கள் என்னோடு பேசவே தொடங்கினார்கள்.

எண்பதுகளின் நடுவில், சேலத்தில் இருந்த ஒரு சிறிய தொண்டு நிறுவனம் என்னை ஏற்காட்டுக்கு அனுப்பியது. ஏற்காடு என்றதும் உங்களுக்கு ஏரியும் படகும் ஞாபகம் வரும். நான் போனது பாறைமேட்டுக்கு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சரிவில் இறங்கினால், பழைய கல் உடைத்த இடத்தைச் சுற்றி மேல் லைன், கீழ் லைன் என்று இரண்டு வரிசையாகத் தகர வீடுகள். சேலத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஆண்களும் பெண்களுமாக முக்கால்வாசிப் பேருக்கு லாட்ஜில் வேலை. ரூம் பெருக்குவது, படுக்கை விரிப்பது, முக்கியமாகக் கக்கூஸ் கழுவுவது. ஊர் உலகத்திலிருந்து வரும் சுற்றுலாக்காரர்களின் கக்கூஸைப் பளபளவென்று வைத்திருப்பவர்களுக்குச் சொந்தமாக ஒரு கக்கூஸ் கிடையாது. பெண்கள் விடிவதற்கு முன்னால் பக்கத்து எஸ்டேட்டின் காபிச் செடிகளுக்குள் போய்வந்தார்கள். எஸ்டேட்காரர்கள் முள்கம்பி போட ஆரம்பித்திருந்தார்கள். வாட்ச்மேன் டார்ச் அடித்து விரட்டுவான். முள்ளில் கிழிந்த சேலைகளை நானே பார்த்திருக்கிறேன். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

நாங்கள் கொண்டுபோனது இரட்டைக் குழிக் கக்கூஸ். நான்கு வீடுகளுக்கு ஒன்று. ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்த குழிக்குத் திருப்பிவிட வேண்டும். இரண்டாவது நிறைவதற்குள் முதல் குழியில் இருப்பது மட்கி வெறும் மண்ணாகிவிடும். அதை வாரித் தோட்டத்தில் போடலாம். குழாயும் சாக்கடையும் இல்லாத இடத்தில் இதைவிட மலிவான, நல்ல வழி அன்றைக்கு இல்லை.

முதல் கூட்டத்தில் இதையெல்லாம் படம் வரைந்து விளக்கினேன். எவ்வளவு இடம் வேண்டும், கதவு எந்தப் பக்கம் என்று ஆளுக்கொன்று கேட்டார்கள். கடைசியில் நின்றிருந்த ஒரு பெண் மட்டும் வேறு கேள்வி கேட்டாள்.

“ஏனுங்க அக்கா, இதை யாரும் கையில அள்ள வேண்டியதில்லைன்னு சொன்னீங்களே, அது நெசமுங்களா?”

நிஜம்தான் என்றேன். கூட்டம் முடிந்து நான் பாயைச் சுருட்டும்போது மறுபடியும் வந்து அதையே கேட்டாள். பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்துவந்து, யாரும் பக்கத்தில் இல்லாதபோது காரணத்தைச் சொன்னாள். பெயர் சின்னப்பொண்ணு. அவளுடைய அம்மா சேலத்துத் தெருக்களில், கையால் மலம் அள்ள வேண்டிய எடுப்புக் கக்கூஸ்களில் வாளியெடுத்தவள். கல்யாணம் ஆனதும் மாமியார் அதே வாளியை இவள் கையில் கொடுத்திருக்கிறாள். வாளியோடு போனால் எதிரே வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவார்களாம். புருஷன் இறந்ததும் மகளைத் தூக்கிக்கொண்டு மலையேறிவிட்டாள். லாட்ஜில் எல்லோருமே கக்கூஸ் கழுவுகிறவர்கள். அதனால் இவள் யார், எங்கிருந்து வந்தாள் என்று யாரும் தோண்டிக் கேட்கவில்லை.

“செல்விக்கு இதெல்லாம் தெரியாதுங்க. தெரியவும் வேண்டாம்,” என்றாள். செல்வி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

“யாரும் அள்ள வேண்டாம், சின்னப்பொண்ணு. அதற்கு நான் பொறுப்பு,” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வாய் சும்மா இருக்குமா?

கக்கூஸ்கள் கட்டி முடித்தோம். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் குலுங்கிய குலுங்கலில் உடைந்துபோன கக்கூஸ் பேசின்களைப் பற்றித் தனியாக ஒரு நாள் அழலாம், இப்போது வேண்டாம். கட்டி முடித்த பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எல்லாக் கதவுகளிலும் பூட்டுத் தொங்கியது. உறவுக்காரர்கள் வந்தால் திறப்பார்களாம். “அழுக்காயிடுமுங்க அக்கா,” என்றான் கோவிந்தன். பேரன் எடுக்கும் வயசிலும் லாட்ஜில் அவனுக்கு ரூம் பாய் என்றுதான் பெயர். பாறைமேட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். அவன் வீட்டுக்கும் சின்னப்பொண்ணு வீட்டுக்கும் இன்னும் இரண்டு வீடுகளுக்கும் சேர்த்து ஒரு கக்கூஸ். கோவிந்தனுடைய மனைவி லட்சுமி ஒரு நாள் அந்தப் பூட்டைக் கல்லால் உடைத்தாள். அதைப் பார்த்து மற்ற பெண்களும் உடைத்தார்கள். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

பிறகு நான் போகும்போதெல்லாம் ஆச்சரியப்பட்டுப்போவேன். பேசினில் ஒரு கறை கிடையாது. சுவரில் ஒரு துளி கிடையாது. எந்தக் குடியிருப்பிலும் இப்படிச் சுத்தம் பார்த்ததில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். எங்கள் நிறுவனத்தின் செயலாளர் பாறைமேட்டின் பெயரைச் சொல்லாத கூட்டமே கிடையாது.

ஆனால் கோவிந்தன் வீட்டுப் பக்கத்துக் கக்கூஸில் முதல் குழி நாங்கள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் நிறைந்தது. சரி, விருந்தாளிகள் அதிகம் என்று இரண்டாவதுக்குத் திருப்பினோம். அதுவும் விறுவிறுவென்று ஏறியது. கோடை சீசன் நெருங்கும் நேரம். முதல் குழியின் மூடியைத் தூக்கச் சொன்னேன். கோவிந்தன் கடப்பாரையால் நெம்பினான். மூடி நகர்ந்ததும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பின்வாங்கினார்கள். மண் இல்லை. போட்டது போட்டபடி இருந்தது.

நானும் பின்வாங்கினேன். ஆனால் அந்த நாற்றத்தோடு வேறொரு வாசனையும் சேர்ந்து வந்தது. எங்கேயோ பழக்கப்பட்ட வாசனை. யோசித்தபோது பிடிபட்டது, லாட்ஜுக்குள் நுழைந்தால் அடிக்குமே, அதே பினாயில் வாசனை. மூடியைப் போடச் சொல்லிவிட்டு லட்சுமியைத் தனியாகக் கூப்பிட்டுக் கக்கூஸ் எப்படிக் கழுவுகிறீர்கள் என்று கேட்டேன். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

“லாட்ஜ்ல மாதிரியேதானுங்க அக்கா. காலையில ஆசிட்டு, சாயந்தரம் பினாயிலு. மிச்சம் விழறதைச் சின்னப் பாட்டில்ல கொண்டாந்துருவோமுங்க. நாலு ஊட்டுலயும் மொறை வெச்சு ஊத்தறோம். கீழ லைன்ல ஒரு நேரந்தான் ஊத்தறாங்களாமா, எங்குளுது அவிய கக்கூசைவிட நொம்ப சுத்தமுங்க.”

குழிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள் உயிரோடு இருந்து வேலை செய்தால்தான் மட்கும். வேளை தவறாமல் ஆசிட் ஊற்றினால் எது பிழைக்கும்? எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் பினாயில் அதிகம் கூடாது என்று ஒரு வரி இருந்தது. ஏழைகளுக்குப் பினாயில் ஏது என்று அந்த வரியை யாருமே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாறைமேட்டுக்காரர்கள் செய்தது அவர்களுக்குத் தெரிந்த ஒழுங்கான வேலை. எஜமானர்களுக்குச் செய்வதைத் தங்களுக்கும் செய்துகொண்டார்கள். இதற்காக அவர்களைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

விஷயம் பரவியது. அடுத்த நாளே வார்டு மெம்பர் வந்து கோவிந்தன் வீட்டு முன்னால் கூட்டம் போட்டார். சேலத்திலிருந்து ஆபீசர் ஒருவர் வரப்போகிறார். அவர் பார்த்துவிட்டுச் சரி என்றால் எதிர்ச்சரிவில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதேபோல் கக்கூஸ் கிடைக்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவும் வருகிறது, வீட்டுக்கு வீடு உறவுகள் வந்து இறங்கும். இந்த நேரத்தில் குழி நாறினால் அவ்வளவுதான், இருக்கிறதையும் மூடச் சொல்வார்கள். மெம்பர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

“அள்ளி வெளிய போட்டுட்டாப் போச்சுங்க,” என்றார் அவர். “ரெண்டாளு வேலை. குழி காலியாயிருமில்ல?”

“யார் அள்ளுவது?” என்று கேட்டேன்.

 கோவிந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “வெளிய எதுக்குங்க ஆளு? பழக்கப்பட்டவங்க இங்கயே இருக்காங்களே.”

பெயரை அவன் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அத்தனை தலைகளும் ஒரே பக்கம் திரும்பின. ஆக, இத்தனை நாளும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் சிலருக்கும் தெரிந்திருக்கிறது. சின்னப்பொண்ணு சுவரோடு சுவராக நின்றாள். நல்ல வேளை, செல்வி பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

மெம்பர் என்னை ஓரமாக அழைத்துப்போனார். “அம்மிணி, ஒரே ஒரு வாட்டி. கை நெறையக் குடுத்தரலாம். இதுக்காக எதுத்த சரிவுல அத்தனை பொம்பளைங்களும் முள்ளுக்குள்ள போய்ட்டு வரோணுமா? நீங்களே சொல்லுங்க.”

எங்கள் செயலாளரும் காலையில் போனில் இதைத்தான் சொல்லியிருந்தார். எப்படியாவது சத்தமில்லாமல் முடித்துவிடு. உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும், அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒரு பக்கம் நூறு பேருக்கு நல்லது என்பார்கள். இன்னொரு பக்கம் ஒரே ஒருத்தி நிற்பாள். அந்த ஒருத்தி ஒரு தடவை பொறுத்துக்கொண்டால் என்ன என்று உங்கள் மனசே கேட்கும். என் மனசும் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சின்னப்பொண்ணு என்னருகே வந்திருந்தாள்.

“இன்னைக்கு நான் வாளியைத் தொட்டனாக்க, அடுத்த குழி ரொம்பறப்ப எங்கூட்டுக்குத்தான் வருவாங்க அக்கா. நான் இல்லைன்னா எம்புள்ளையக் கூப்புடுவாங்க.”

அழவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். மற்ற கக்கூஸ்களிலும் இதே கதைதான் நடந்துகொண்டிருக்கிறது, ஒவ்வொன்றாக நிறையப்போகின்றன என்பது எனக்குத் தெரியும். இந்த ஒரு குழியை எப்படிக் காலி செய்கிறோமோ அதுதான் பாறைமேட்டின் வழக்கமாகிவிடும். ஒரே ஒரு தடவை என்பது பொய்.

நான் கூட்டத்துக்குத் திரும்பிப்போய்ச் சத்தமாகச் சொன்னேன். “அள்ளியே ஆகவேண்டும் என்றால் இது நான்கு வீட்டுக் குழி. வீட்டுக்கு ஒருவர் இறங்குங்கள். முதல் வாளி நான் எடுக்கிறேன். கோவிந்தா, இரண்டாவது நீ. சம்மதமா?”

கோவிந்தன் மெம்பரைப் பார்த்தான். மெம்பர் வாட்சைப் பார்த்தார்.

“சம்மதமில்லை என்றால் குழி அப்படியே மூடி இருக்கட்டும். இனி அதற்குள் ஆசிட் போகாது, மெதுவாகவாவது மட்கும். அதுவரைக்கும் ஆசிட்டை நிறுத்திவிட்டு மூன்றாவதாக ஒரு குழி தோண்டுவோம்,” என்றேன்.

“எங்கீங்க தோண்டறது? சுத்தியும் பாறை,” என்றான் கோவிந்தன்.

அவன் கேட்டது நியாயம்தான். அங்கே மண் இருந்தது ஒரே இடத்தில், கோவிந்தன் வீட்டு வாசலில். அந்த இடத்தில் அவன் லாட்ஜ் தோட்டத்தைப் பார்த்து வரிசையாக ரோஜா வைத்திருந்தான். சுற்றிலும் செங்கல்லைக் கோணலாகப் பதித்து வெள்ளையடித்திருந்தான். அந்த வாசலைத் தோண்டு என்று அவன் வீட்டின் முன்னாலேயே நின்றுகொண்டு சொல்ல எனக்கு வாய் எழவில்லை. சொன்னவள் லட்சுமி.

“ரோசாவைப் புடுங்கிப் போடுங்க,” என்றாள் வாசற்படியில் நின்று. “ஏனுங்க, உங்களைத்தான். டார்ச்சு வெளிச்சத்துல எந்திரிச்சு ஓடுனது நானு, நீங்க இல்ல. அந்தக் குழியில ஒருத்தியை எறக்கிப்போட்டு அந்தக் கக்கூசுல போய் நான் உக்கார மாட்டேன். கடப்பாரையை எடுங்க.”

கோவிந்தன் குனிந்து ஒரு செங்கல்லைப் பிடுங்கினான். லட்சுமியிடம் பேசி ஜெயித்தவர்கள் யாரும் அந்தப் பக்கம் இல்லை.

மறுநாளே தோண்ட ஆரம்பித்தார்கள். லாட்ஜ் வேலைக்குப் போவதற்கு முன்னால் கொஞ்சம், வந்த பிறகு கொஞ்சம். ரோஜாச் செடிகள் எண்ணெய் டின்களுக்குக் குடிபெயர்ந்தன. குழி பாதி ஆழம் போயிருந்தபோது ஆபீசர் வந்துவிட்டார். மெம்பர் அவரைக் கீழ் லைன் பக்கமாகத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். நான் குறுக்கே போய் நின்று, அவரை நேராக இந்தக் குழிக்குக் கூட்டிவந்து நடந்தது முழுவதையும் சொன்னேன். ஆசிட் கதையைக் கேட்டதும் மனுஷர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் குழி மண்ணாகட்டும், வந்து பார்த்துவிட்டுத்தான் எதிர்ச்சரிவைப் பற்றி எழுதுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மெம்பர் என்னோடு ரொம்ப நாள் பேசவில்லை. திருவிழாவுக்கு வந்த உறவுக்காரர்கள் கீழ் லைன் கக்கூஸில் வரிசையில் நின்றார்கள். யாருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

அதற்குப் பிறகுதான் உண்மையான கஷ்டம். கக்கூஸ் பயன்படுத்தப் பழக்குவதைவிடக் கழுவாமல் இருக்கப் பழக்குவது கடினம் என்று எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தர மாட்டார்கள். தண்ணீரும் துடைப்பமும் போதும் என்றால், ‘அசிங்கமுங்க அக்கா’ என்று முகம் சுளிப்பார்கள். கள்ளச்சாராயத்துக்கு ரெய்டு போகிற மாதிரி வீடு வீடாகப் பினாயில் பாட்டில் தேடினோம். அரிசிப் பானைக்குள் இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது. எல்லோரையும்விடப் பொல்லாத போலீஸ் சின்னப்பொண்ணுதான். லாட்ஜிலிருந்து வருகிறவர்களின் பையை வாங்கி மோந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுவாள். அவள் ஏன் அப்படிச் செய்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

மழைக்காலம் வந்துபோனது. பனி வந்துபோனது. அடுத்த சீசனும் முடிந்து மறுபடி மழை பிடித்து நின்ற பிறகுதான் முதல் குழியைத் திறந்தோம். அந்தக் காலையைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு எதையுமே சொன்னதாக ஆகாது.

சின்னப்பொண்ணு வெளியே வரவில்லை. கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தாள்.  மட்கவில்லை என்றால் அந்தக் கதவுக்கு முன்னால் நான் எந்த முகத்தோடு நிற்பது? கோவிந்தன் மூடியை நெம்பினான். போன தடவைபோலவே எல்லோரும் பின்வாங்கத் தயாராக நின்றார்கள். மூடி விலகியது. ஒரு வாசனையும் வரவில்லை. உள்ளே கறுப்பாக, பொலபொலவென்று மண். நான் குனிந்து ஒரு பிடி அள்ளிக் கோவிந்தனிடம் நீட்டினேன். தயங்கித் தயங்கி வாங்கி, விரலால் தேய்த்துப் பார்த்தான். “அட, மண்ணுங்க!” என்றான். என்னவோ நான் இத்தனை வருஷமும் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது மாதிரி.

எதிர்ச்சரிவுக்குக் கக்கூஸ் வந்தது, மெம்பர் திறப்பு விழாவில் மாலை போட்டுக்கொண்டார், அதெல்லாம் பிற்பாடு. அன்று காலை வீட்டுக்கு ஒருவராக மூன்று வீட்டு ஆட்களும் இறங்கினார்கள். நான்காவதான சின்னப்பொண்ணு வீட்டை யாரும் கூப்பிடவில்லை.  லட்சுமி எல்லோரிடமும் பேசிவைத்திருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கோவிந்தன் சும்மாடு கூட்டித் தலையில் கூடையை வைத்துக்கொண்டு, ரோஜா டின்கள் இருந்த பக்கம் மேலே ஏறினான். அந்தப் பாதை ஒற்றையடிப் பாதை. எதிரே ஒருவர் வந்தால் இன்னொருவர் ஒதுங்கித்தான் ஆகவேண்டும்.

அப்போது செல்வி பள்ளிக்கூடச் சீருடையில் புத்தகப் பையோடு வீட்டிலிருந்து வேகமாக வந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. பாதையில் கோவிந்தன் கூடையோடு நின்றான். அவளைப் பார்த்ததும் கூடையைக் கையால் பிடித்துக்கொண்டு, புதருக்குள் கால் வைத்து ஒதுங்கினான்.

“போ கண்ணு, மொதல்ல நீ போ.”

“என்னங் மாமா கூடையில?”

“மண்ணு சாமி. செடிக்குப் போடற மண்ணு.”

செல்வி அவனை உரசிக்கொண்டு தாண்டிப் படியேறி ஓடினாள். நான் திரும்பிப் பார்த்தபோது சின்னப்பொண்ணு வாசலுக்கு வந்திருந்தாள். மகள் போன பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை, சிரித்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தீங்களா அக்கா,” என்றாள். “அவ மூக்கைக்கூடப் பொத்தலீங்க.”